கருத்தடையை ஆதரித்தவர்கள் கட்டாயத்தையும் ஆதரித்தவர்களா?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெரியாரும் பாரதிதாசனும் கருத்தடையை ஆதரித்தவர்கள் என்றால், நெருக்கடி நிலையின்போது 1976-இல் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்ததும் அவர்கள் கொள்கையின் தொடர்ச்சிதானே என்பது ஒன்று. பகுத்தறிவோடு பார்த்தால் மக்கள்தொகையை அரசாங்கம் கட்டுப்படுத்துவதில் என்ன தப்பு என்பது இன்னொன்று. மூன்றாவதைக் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்: தங்கைக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம், கையோடு கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனையும் முடித்துவிடச் சொல்கிறார்கள், மாப்பிள்ளை கையெழுத்து வேண்டுமா? என்னைக் கேட்டால், முதல் இரண்டு கேள்விக்கும் விடை இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. மக்கள்தொகையியல் கற்பிப்பதும் குடும்பநலப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. வக்கீலும் அல்ல, மகப்பேறு மருத்துவரும் அல்ல. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. கருத்தடை பற்றிப் பெரியார் எழுதியதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பகுதி, அவர் மற்ற ஆதரவாளர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்காட்டும் இடம்தான். பெண்ணின் உடல்நலம், பிள்ளைகளின் திடம், நாட்டின் பொருளாதாரம், குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பது ஆகிய நான்கையும் மற்றவர்களின் காரணங்களாக வரிசையாக வைத்துவிட்டு, பெண் விடுதலையடையவும் சுயேச்சை பெறவுமே தாம் கேட்பதாகச் சொல்கிறார். நான்கும் தவறு என்று அவர் சொல்லவில்லை. தன் காரணம் அவையல்ல என்கிறார். பெண்கள் பிள்ளை பெறுவதை அடியோடு நிறுத்திவிட்டால் உலகம் விருத்தியாகாதே என்று கேட்பவர்களுக்கு, விருத்தியாகாவிட்டால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்டவர் அவர். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் ஆள் இப்படிக் கேட்கமாட்டான். மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்பது நாட்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில் தொடங்குகிறது. பெரியாரின் வாதமோ, என் உடம்பை யார் ஆள்வது என்ற கேள்வியில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே மாத்திரையை, ஒரே ஆபரேஷனைக் கேட்கலாம். ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லும் நாளில் இரண்டும் எதிரெதிர் பக்கம் போய்விடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அவர் அரை நூற்றாண்டு மேடையில் பேசியவர். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அழுத்தம் மாறும், வறுமையையும் சேர்த்துப் பேசிய இடங்கள் உண்டு. ஒரு கூட்டத்துப் பேச்சிலிருந்து ஒரு வரியைக் கிள்ளி எடுத்து ‘இதோ கட்டாயம்’ என்றோ ‘இதோ சுதந்திரம்’ என்றோ நிறுவ முயல்வது வீண் வேலை. நான் சொல்வது அவருடைய தலையாய வாதத்தின் திசையை மட்டும். காலவரிசையும் தெளிவாக இருக்கிறது: பெரியார் 1973 டிசம்பர் 24-இல் காலமானார், நெருக்கடி நிலை 1975 ஜூனில் வந்தது. தமிழ்நாடு 1976 ஜனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அப்போது திராவிடர் கழகப் பொதுச்செயலாளராக இருந்த கி. வீரமணி மிசா கைதியாகச் சிறையில் இருந்தார். காலவரிசை கொள்கையை நிரூபிக்காது என்பது தெரியும். ஆனால் ‘தொடர்ச்சி’ என்று சொல்வதற்கு முன் யார் எங்கே இருந்தார்கள் என்றாவது பார்க்கவேண்டும் அல்லவா.

பாரதிதாசன் விஷயம் உங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். புதுச்சேரிக் கவிஞரின் முதல் தொகுதி 1938-இல் குஞ்சிதம் குருசாமி வெளியீடாக, கடலூர் நாராயணசாமி நாயுடுவின் பொருளுதவியோடு வந்தது. அதில் உள்ள கருத்தடைக் கவிதையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வேலைக்காரி திண்ணைக்கு வந்து பிரசவம் ஆகிவிட்டது என்கிறாள். தகப்பனுக்கு உயிரெல்லாம் நனைகிறது. பிறகு இன்னொன்று, அதன்பின் இன்னொன்று என்று பிள்ளைகள் பெருக, வறுமை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிவில் அவன் கேட்பது, காதலுக்கு வழி விட்டுக் கருவின் பாதையை மட்டும் சாத்துகிற ஒரு கதவு. பிள்ளையைச் சுமை என்று பழிக்கும் கவிதை இல்லை அது, தொடக்கமே மகிழ்ச்சிதான். கதவைச் சாத்துவதும் வீட்டுக்குள் இருப்பவர்கள், வெளியே நிற்கும் சர்க்கார் அல்ல. பெரியாரோடு ஒப்பிட்டால் இங்கே பேசுவது தகப்பன், காரணம் குடும்பத்தின் வறுமை. அந்த வித்தியாசத்தை மழுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கவிதையை எழுதியவர் பிரெஞ்சு அரசிடம் சம்பளம் வாங்கிய பள்ளி ஆசிரியர். அந்தப் பிரான்சில் 1920 ஜூலை 31-இல் ஒரு சட்டம் வந்தது. முதல் உலகப்போரில் ஆள் இழந்த நாடு பிறப்பைப் பெருக்க விரும்பியது, அதனால் கருத்தடைப் பிரசாரமே குற்றமாயிற்று. கருத்தடைக்கு 1967-இல்தான் அங்கே சட்டபூர்வ வழி பிறந்தது. மக்கள்தொகையை அரசு ஆள்வது என்றால் குறைப்பது மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெறு என்று கட்டளையிடுவதும் அதே ஆட்சிதான்.

சென்னையில் இந்தப் பேச்சு பெரியாருக்கு வெகுமுன்பே தொடங்கியது. 1880களில் சென்னை இலௌகீக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்தினார்கள், உணவைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்று கணக்குப் போட்ட மால்தூஸின் பெயரில் 1882-இல் மால்தூசியர் சங்கம் ஒன்றும் இங்கே ஏற்பட்டது. அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் நாத்திகர்கள். சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் 1877-இல் சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டரின் கருத்தடைப் பிரசுரத்தை வெளியிட்டு வழக்கில் நின்றார்கள். அந்தப் பிரசுரமும் நாத்திகமும் காரணமாக பெசன்ட் தன் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார். பிரம்மஞானத்துக்குப் போன பிறகு 1891-இல் தன்னுடைய கருத்தடைப் புத்தகத்தையே விற்பனையிலிருந்து நிறுத்திக்கொண்டார். அடையாற்றில் பின்னாளில் நாம் பார்த்த பெசன்ட் அவர். ஒரு வேடிக்கை, மால்தூஸ் பாதிரியார் கருத்தடையையே ஏற்காதவர். காலம் தாழ்த்தி மணம் செய், அதுவரை அடங்கியிரு என்பதுதான் 1798-க்குப் பின் அவர் சொன்ன வழி. அவர் கணக்கை வைத்துக்கொண்டு அவர் ஒழுக்கத்தைத் தூக்கிப்போட்டவர்கள்தான் இந்த நாத்திகர்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கே பகுத்தறிவாளர்களுக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். பகுத்தறிவு என்ற பெயர் இருந்தாலே கட்டாயம் வராது என்று எண்ணுவது தவறு. இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1929-இல் திருமணம் குறித்து எழுதிய நூலில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை செய்வதை ஆதரிக்கிறார், தயக்கத்தோடு என்றாலும். நல்ல வித்துகளைப் பெருக்கி மோசமானவற்றைக் குறைப்பது என்ற இனமேம்பாட்டு வாதம் அன்று விஞ்ஞான முற்போக்கின் அடையாளமாகவே இருந்தது. எங்கே வழுக்கினார்கள் என்றால், ‘தெரிந்துகொள்ள உரிமை வேண்டும்’ என்பதிலிருந்து ‘தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்’ என்பதற்குத் தாவிய இடத்தில். முதல் வாக்கியத்தில் அறிவு ஒரு பெண்ணின் கைக்குப் போகிறது. இரண்டாவதில் அறிவு ஒருவருக்கு அதிகாரமாகிறது. இந்தத் தாவல் நடந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அவள் மாட்டேன் என்றால் என்ன நடக்கும்?

இந்தியத் திட்டத்தை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி, ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்கும் தாய் மறுபடி பெறுவதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘முன்யோசனையில்லாத தாய்மை’ எனலாம். அகம்பாவம் எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள்: யோசனையில்லாதவள் தாய், தகப்பன் கணக்கிலேயே இல்லை. 1952-இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1950களின் பிற்பாதியில் சென்னை மாநிலம், ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் என்று வைத்தது. இழந்த கூலிக்கு ஈடு என்று அதற்குப் பெயர். வேலையுள்ள மாதத்தில் அது ஈடுதான். அடுப்பு எரியாத மாதத்தில் அது தூண்டில். எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் ஒரே முகாமில் சுமார் 63 ஆயிரம் ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. கர்க்கடக மழையில் கூலி வேலை முடங்கும் காலம் அது. அதற்காக வந்தவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லமாட்டேன், விரும்பி வந்தவர்கள் ஏராளம். பசியையும் விருப்பத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பிரித்தறிய முடியாது என்பதுதான் பிரச்சினை.

இடையில் 1965-இல் கருப்பையில் வைக்கும் ‘லூப்’ வந்தது. இத்தனை பேருக்கு என்று வைத்த இலக்குக்காகப் பொருத்தினார்கள், பொருத்திய பின் யாரும் வந்து பார்க்கவில்லை. ரத்தப்போக்கு என்று வந்தவளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சாதனமே பெயர் கெட்டுப்போயிற்று. கட்டாயமே இல்லாத இடத்திலும் இலக்கு மட்டும் போதும், காரியம் கெடும் என்பதற்கு இது உதாரணம். 1976-இல் இலக்கோடு தண்டனையும் சேர்ந்தது. மத்திய அரசு வைத்த எண்ணுக்கு மேல் மாநிலங்கள் ஏற்றின. ஆள் சேர்க்காத ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது. உரிமமும் வேறு சலுகையும் கேட்டுப் போனவரிடம் ஆபரேஷன் சர்டிபிகேட் கேட்டார்கள். 1976-77 ஒரே ஆண்டில் சுமார் 82.6 லட்சம் பேர், அவர்களில் முக்கால்வாசி ஆண்கள். முந்தைய ஆண்டு மொத்தமே 27 லட்சத்துக்குள். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்த சாவுகள் 1,774.

அதன்பின் நடந்ததை மக்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு ‘குடும்பநலம்’ என்று பெயர் மாறியது. ஆண்களைத் தொட்டால் ஓட்டு போகும் என்று தெரிந்ததும் கத்தி சத்தமில்லாமல் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மனைவிக்கு 15 முதல் 49 வயதுவரை உள்ள தம்பதிகளில் கருத்தடை ஆபரேஷனை மனைவி செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வது எளிது: வயிற்றைத் திறக்கவேண்டாம், தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்கான முகாம்கள் எப்படி நடந்தன என்பதை 2014 நவம்பர் 8-இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் மாவட்டம் காட்டியது. ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன், அடுத்த சில நாட்களில் 13 பேர் சாவு. உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் இந்த முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது. இலக்கு வைப்பதைக் காகிதத்தில் 1996-லேயே கைவிட்டாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கே வருவோம். குடும்பம் சிறுத்தால் பெண் தானாக விடுதலையாகிவிடுவாள் என்பதற்குக் கடலூர் எதிர்ச்சாட்சி. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் மாநில அளவில் 943, கடலூரில் 896. மாநிலத்திலேயே கடைசி. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-இல் கடலூருக்கும் அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் நீட்டினார்கள். இரண்டோடு நிறுத்தவேண்டும், அதில் ஒன்று பையனாக இருக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனையும் வீட்டில் ஒன்றாகச் சேரும்போது, எண்ணிக்கை குறைகிறது, குறைகிறவள் பெண்ணாக இருக்கிறாள். 1994 சட்டம் ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் நிபந்தனையைச் சட்டம் தொடமுடியாது. பெரியார் தன் காரணத்தை மற்ற நான்கிலிருந்து பிரித்து வைத்தது வறட்டுத் தத்துவம் இல்லை என்பதை இந்த 896 சொல்கிறது.

சந்தேகத்துக்குரியதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் விழுந்தது சுயமரியாதை இயக்கத்தால்தான் என்று மேடையில் சொல்வார்கள். ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. பெண் கல்வி, மணவயது உயர்ந்தது, சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடுவீடாக வரும் நர்சம்மா என்று காரணப் பட்டியல் நீளம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, புதுச்சேரியில் 1.5 என்று 2019-21 ஆய்வு சொல்கிறது. ஆந்திராவும் 1.7 வரை இறங்கிவிட்டது. அங்கே பெண் கல்வியும் மணவயதும் நம்மைவிடப் பின்தங்கியவை, இப்படியொரு இயக்கமும் வேர்விட்டதில்லை. ஆகவே இயக்கம் மனத்தடையை உடைத்தது, பேசவே கூசிய விஷயத்தைக் கல்யாண மேடையில் பேசவைத்தது என்பதுவரை நான் ஒப்புக்கொள்வேன். எத்தனை சதவீதம் அதனால் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது காற்று மாறி வீசுகிறது. தொகுதி மறுவரையறையில் இடம் குறையும் என்ற பயமும் முதியோர் பெருகுகிறார்கள் என்ற கவலையும் சேர, 2024 அக்டோபரில் இரண்டு தென்மாநில முதலமைச்சர்கள் அதிகம் பெற்றுக்கொள்வது பற்றிப் பேசினார்கள். ஒருவர் பதினாறு பெற்று என்ற வாழ்த்தை வைத்துச் சிலேடையாக, மற்றவர் நேராகவே. பயம் நியாயமானது. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகள் பற்றிய கவலை வெற்றுக் கற்பனை இல்லை. ஆனால் அதற்குப் பரிகாரத்தைப் பேச்சுவார்த்தையில் தேடவேண்டும், பிரசவ வார்டில் அல்ல. உலகம் விருத்தியாகாவிட்டால் பெண்ணுக்கென்ன என்ற பழைய கேள்வியில் உலகத்துக்குப் பதில் தொகுதி என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

சரி, தங்கை விஷயம். மாப்பிள்ளை கையெழுத்து வேண்டாம். மத்திய அரசின் கருத்தடை ஆபரேஷன் வழிகாட்டு விதிகள் துணையின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆஸ்பத்திரியில் வழக்கம் என்று கேட்டால், விதியில் இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள். பெண்ணுக்கு வயது 22-க்கு மேல் 49-க்குள் இருக்கவேண்டும், மணமானவராகவும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது உள்ளவராகவும் இருக்கவேண்டும். உங்கள் தங்கையின் மூத்த குழந்தை ஒரு வயதைக் கடந்திருந்தால் போதும்.

கெடுவது பெரும்பாலும் நேரத்தில்தான். வலி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டுவார், வாசலில் மாமியார் நிற்பார், பேனா மூடி திறந்தே இருக்கும். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் கிடையாது. வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ சம்மதம் வாங்கக்கூடாது என்பது விதி. அதனால் இந்த மாதச் செக்கப்பிலேயே தங்கை தன் வாயால் கேட்டு, முடிவை எழுதிவைக்கச் சொல்லட்டும். சிசேரியன் படிவம் வேறு, கு.க. படிவம் வேறு. ஒன்றில் போட்ட கையெழுத்து இன்னொன்றுக்குச் செல்லாது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இது நிரந்தரம் என்பதும், வேறு முறைகள் விளக்கப்பட்டன என்பதும், கடைசி நிமிடம்வரை மறுக்கலாம், மறுத்தாலும் மற்ற சிகிச்சை நிற்காது என்பதும் அதில் இருக்கும். கடலூரில் பதிவு செய்துவிட்டுப் பிரசவத்துக்குப் புதுச்சேரி போவதாக இருந்தால், தாய்சேய் அட்டையோடு இந்தக் குறிப்பும் போகவேண்டும்.

பிரசவத்தோடு செய்வதென்றால் ஏழு நாளுக்குள், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து. பிறந்த குழந்தை பலவீனமாக இருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது, அதை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். ஆயிரத்தில் ஐந்து பேருக்கு முதல் ஆண்டிலேயே தவறுவதுண்டு. பின்னாளில் நாள் தள்ளினால் ‘கு.க. செய்தாயிற்றே’ என்று இருந்துவிடாமல் உடனே பரிசோதிக்கவேண்டும், கரு குழாயில் தங்கியிருக்கும் ஆபத்து உண்டு. நிரந்தரம் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றினால், பிரசவமான 48 மணி நேரத்துக்குள் கருப்பையில் வைக்கும் காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு தாங்கும். அதற்கும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு வாரத்துக்குப் பின்.

இதையெல்லாம் நீங்கள் அவளிடம் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். அண்ணன் சொல்வதும் அழுத்தம்தான். மாப்பிள்ளையின் கையெழுத்து தேவைப்படும் படிவம் ஒன்று இருக்கிறது: அவரே என்.எஸ்.வி. (ஆண்களுக்கான கத்தியில்லாக் கருத்தடை) செய்துகொள்வதற்கான படிவம். அவர் சம்மதித்தால் பிரசவத்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. செய்த பின் மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, அதன்பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நிறுத்தவேண்டும். அந்தப் பரிசோதனைக்குத் திரும்பி வராமல் போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.